என் சந்தோஷத்துக்கு ஒரு மஞ்சள் விளக்கு

எனக்கு பைபோலார் இருக்கிறது. தமிழில் இருதுருவ மனநிலைக் கோளாறு என்கிறார்கள். சில மாதங்கள் மனம் அடியில் போய்க் கிடக்கும்; எழுந்து பல் தேய்ப்பதே பெரிய காரியமாக இருக்கும். எப்போதாவது மேலே ஏறும். ஏறும்போது அது நோய் மாதிரியே தெரியாது. உலகத்தில் உள்ள எல்லோரும் மெதுவாக நடக்கிறார்கள், நான் மட்டும்தான் சரியான வேகத்தில் போகிறேன் என்று தோன்றும்.

முதல்முறை அப்படி ஏறியபோது என் மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தாள். தில்லி லோதி ரோட்டில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் நான் செக்‌ஷன் ஆபீசர். அமைச்சகங்களுக்கு இடையில் ஃபைல்கள் எப்படி நகர வேண்டும் என்று ஐந்தே நாளில் நாற்பத்திரண்டு பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதினேன். நான்கு நிறத்தில் படங்கள் வேறு. நடுவில் இருந்த அதிகாரிகள் அத்தனை பேரையும் தாண்டி, நேராகச் செயலாளரின் அறைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். அதற்கு அடுத்த மூன்று மாதம் வீட்டில், மருத்துவ விடுப்பில். திரும்பி வந்த அன்று என் மேலதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “பதினேழாம் பக்கம் நன்றாகத்தான் இருந்தது, மேடம்” என்றார். நல்ல மனிதர்.

அதன்பிறகு மாத்திரைகள் ஒழுங்காகப் போயின, வாழ்க்கையும் ஒழுங்காகப் போனது. ஆனால் என் கணவர் காவல்காரராகிவிட்டார். என்னைப் போலவே அவருக்கும் திருநெல்வேலிப் பக்கம்தான். ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் வேலை, அதிகம் பேசமாட்டார். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் தினமும் காலையில் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை, “உறங்குனியா?” தினமும். பண்டிகை நாளிலும். நான் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால் பேப்பரிலிருந்து கண்ணைத் தூக்கிப் பார்ப்பார். ஒரு சாயங்காலம் பேசாமல் இருந்தாலும் பார்ப்பார். அவர்மேல் குற்றமில்லை. அந்த நாற்பத்திரண்டு பக்க வாரத்தில் என்னைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர் அவர்தான். இருந்தாலும், சிரிப்பதற்கு முன்னால் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

என் டாக்டர் லக்னோ பக்கத்துப் பெண்மணி. இந்தியில்தான் பேசிக்கொள்வோம். போன வருடம் ஒருநாள், மருந்துச் சீட்டை எழுதிவிட்டு, பேனாவை மூடாமலே கேட்டார்:

“எங்கள் பிரிவில் ஒரு ஆப்பைச் சோதித்துப் பார்க்கிறோம். நீங்களும் சேர்ந்துகொள்கிறீர்களா?”

விஷயம் இதுதான். கையில் ஒரு வாட்ச். அது தூக்கத்தையும் நாடித்துடிப்பையும் நடையையும் குறித்துக்கொள்ளும். போனில் நான் எவ்வளவு வேகமாகத் தட்டச்சு செய்கிறேன், எத்தனை முறை அழித்து எழுதுகிறேன், எத்தனை பேரோடு பேசுகிறேன் என்பதை ஆப் எண்ணும். என்ன எழுதினேன், யாரிடம் பேசினேன் என்பது அதற்கு வேண்டாம். இதோடு தினமும் சாயங்காலம் ஒரு நிமிடம், எந்த மொழியிலானாலும் சரி, நான் ஏதாவது பேச வேண்டும். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்து, என் வழக்கமான நாட்கள் எப்படி இருக்கும் என்பதைச் செயற்கை நுண்ணறிவு ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளும். பிறகு அந்த வழக்கத்திலிருந்து விலகினால் போன் திரையில் மஞ்சள் விளக்கு. முதலில் எனக்கு மட்டும். சில நாளாகியும் விலகல் போகவில்லை என்றால் டாக்டருக்கும், நான் பெயர் கொடுத்த ஒருவருக்கும்.

“மற்றவர்களோடு ஒப்பிடுமா?” என்று கேட்டேன்.

“இல்லை. உங்களை உங்களோடுதான். அது நோய் என்று தீர்ப்பு சொல்லாது. வந்து பாருங்கள் என்று மட்டும் சொல்லும். பார்ப்பது என் வேலை.”

சம்மதப் படிவம் பதினோரு பக்கம். அரசு அலுவலகத்தில் இருபது வருடம் இருந்தவளிடம் பதினோரு பக்கத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? பென்சிலை எடுத்தேன். என் அலுவலகத்துக்கு இது தெரியுமா? என் குரல் யாரிடம் இருக்கும்? நடுவில் விலகினால் எல்லாவற்றையும் அழிப்பார்களா? ஓரத்தில் பதினான்கு கேள்வி எழுதினேன். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். இதை முழுசாகப் படித்த முதல் ஆள் நான்தானாம். குரல் பதிவு என் போனிலேயே இருக்கும், வேகமும் இடைவெளியும் மட்டும்தான் கணக்காக வெளியே போகும் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். தகவல் போக வேண்டிய ஆள் என்ற கட்டத்தில் கொஞ்ச நேரம் யோசித்து, கணவர் பெயரை எழுதினேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அவர் வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்பம் நான் இனிமே கேக்க வேண்டாமா?”

“வேண்டாம். அது பாத்துக்கிடும்.”

மூன்று நாள் தாக்குப்பிடித்தார். நான்காம் நாள் காலை வாயைத் திறந்தார். நான் பார்த்தேன். “காப்பி போடட்டா?” என்றார். அத்தனை வருடம் கழித்து எங்கள் வீட்டுக் காலை வேறொரு வார்த்தையில் தொடங்கியது. அந்த ஆப் எனக்கு வேறெதுவும் செய்யாமல் போயிருந்தாலும் இதற்காகவே அந்த வாட்சைக் கட்டிக்கொண்டிருப்பேன்.

அந்த ஒரு நிமிடப் பேச்சுதான் ஆரம்பத்தில் கஷ்டமாக இருந்தது. பால்கனியில் உட்கார்ந்து, போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, “வணக்கம். இன்று அலுவலகத்தில் வேலை அதிகம்” என்று தொடங்குவேன். உள்ளேயிருந்து என் மகள் சிரிப்பாள். அவளுக்குப் பதினேழு வயது. தில்லியில் பிறந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது.

“அம்மா, நீ நியூஸ் ரீடர் மாதிரி பேசுற. ஒரிஜினலா பேசு.”

இரண்டாவது வாரத்திலிருந்து ஒரிஜினலாகவே பேசினேன். பஸ்ஸில் சீட்டுக்காக நடந்த சண்டை, கேன்டீன் சமோசாவில் உருளைக்கிழங்கைக் காணாத கதை, எதிர் வீட்டு நாய். பால்கனி வேப்பமரத்துக் கிளிகளும் சேர்ந்து கத்தும்.

டிசம்பரில் என் மைனி, அதாவது அண்ணன் மனைவி, குடும்பத்தோடு தில்லி பார்க்க வந்தாள். மொத்தம் ஆறு பேர். பனிமூட்டத்தில் ரயில் பதினோரு மணி நேரம் தாமதம். செங்கோட்டை, குதுப்மினார், விடியற்காலைப் புறப்பாட்டில் ஆக்ரா. நடு அறையில் பாய் விரித்து, எல்லோரும் பேசிப் பேசி, யாரும் தூங்கவில்லை. மூன்றாம் நாள் மஞ்சள் விளக்கு வந்தது. அதை எடுத்துப் பார்க்கவும் எனக்கு நேரமில்லை. ஆறாம் நாள், சரோஜினி நகர் மார்க்கெட்டில் ஸ்வெட்டர் பேரத்தின் நடுவில் போன். டாக்டர் அறையில் இருக்கும் மலையாள நர்ஸ். நாங்கள் இருவரும் எங்களுக்கென்று ஒரு கலப்பு மொழி வைத்திருந்தோம்.

“மேடம், ஒறக்கம் தீரெ இல்லல்லோ. எந்தா பற்றியது?” தூக்கமே இல்லையே, என்ன ஆச்சு என்கிறார்.

“வீட்டுல ஆறு விருந்தாளி, சிஸ்டர். ஒரே ஒரு பாத்ரூம்.”

“ஐயோ. எத்ர திவசம்?”

“இன்னும் ரெண்டு நாள்.”

“பாவம். ஞான் டாக்டர்கிட்ட சொல்லாம். நீங்க மருந்து மட்டும் விடண்டா.”

கையில் ஸ்வெட்டரோடு நின்ற மைனி, “யாருட்டி போன்ல?” என்றாள். என் நோய் அவளுக்குத் தெரியும்.

“நான் சரியா உறங்கலன்னு ஆஸ்பத்திரியில இருந்து கேக்காங்க, மைனி.”

“நீ உறங்கலன்னு அவுகளுக்கு எப்படித் தெரியும்?” வாட்சைக் காட்டினேன். அதை உற்றுப் பார்த்துவிட்டு, “உங்க அண்ணனுக்கும் ஒண்ணு வாங்கிக் கட்டணும். குறட்டையையும் எழுதுமா?” என்று கேட்டாள். அதற்குள் கடைக்காரர் விலையைக் குறைத்துவிட்டார்.

அடுத்தமுறை டாக்டரைப் பார்த்தபோது, “பயணம், காய்ச்சல், பண்டிகை என்று டிக் அடிக்கக் கட்டம் வைத்திருக்கிறீர்கள். விருந்தாளிகளை எப்படி மறந்தீர்கள்?” என்று கேட்டேன். லக்னோவிலும் இதே கதைதான் என்று சிரித்தார். ஒரு மாதத்தில் ஆப்பில் புதிய கட்டம் வந்தது: வீட்டில் விருந்தினர். அரசாங்கத்தில் நான் கொடுத்த எந்த யோசனையும் அவ்வளவு சீக்கிரம் நிறைவேறியதில்லை.

பிப்ரவரி கடைசியில், இலவ மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் சிவப்பாகப் பூத்து நின்ற சமயம், எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு ஒரு நகைச்சுவை நாடகம் எழுதித்தரச் சொன்னார்கள். அரசுக் குவார்ட்டர்ஸ் கிடைப்பதற்காக அலையும் ஒரு குடும்பத்தின் கதை. எழுத உட்கார்ந்தேன். வந்துகொண்டே இருந்தது. ஆறு பாத்திரம் ஒன்பதானது, ஒன்பது பதினான்கானது, பிறகு பத்தொன்பது. அலாரம் அடிப்பதற்கு முன்பே விழித்துக்கொண்டு, எல்லோரும் எழுவதற்குள் ஒரு காட்சியை முடித்துவிடுவேன். களைப்பே இல்லை. அலுவலகத்தில் நிலுவையில் கிடந்ததையெல்லாம் முடித்தேன். இலவம்பூவின் சிவப்பு இத்தனை வருடமாக என் கண்ணில் படாமலே போய்விட்டதே என்று தோன்றியது.

ஒரு செவ்வாய்க்கிழமை மஞ்சள் விளக்கு வந்தது. நான் யோசிக்கவே இல்லை. வீட்டில் விருந்தினர் என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.

நான் அடிக்கும் டிக் ஆஸ்பத்திரித் திரையிலும் தெரியும். மறுநாள் நர்ஸ் போன் செய்தார். “பின்னேயும் விருந்துகாரோ, மேடம்?”

“ஆமா, சிஸ்டர்.”

“பாவம்” என்றார், மனமார. எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. இரண்டாம் காட்சியில் ஒரு வசனம் நினைவுக்கு வந்ததும் உறுத்தல் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் கீழே இறங்கினால், அலுவலக வாசலில் என் கணவர். இத்தனை வருடத்தில் அவர் என் அலுவலகத்துக்கு வந்ததே இல்லை. இலவமரத்தடியில், கையில் சாப்பாட்டுப் பையோடு நின்றார்.

“என்ன இங்கன?”

“சும்மா வந்தேன்.”

“நீங்க சும்மா வார ஆளா?”

ஆப்பிலிருந்து தனக்கு வந்திருந்த செய்தியைப் போனில் காட்டினார். விருந்தினர் என்று குறிக்கப்பட்டிருந்தாலும் தூக்கமும் பேச்சும் தொடர்ந்து மாறிவருவதால், தயவுசெய்து ஒருமுறை நேரில் பேசிப் பார்க்கவும் என்று இருந்தது.

“யாருட்டி விருந்தாளி?” என்றார், மெதுவாக.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “என் நாடகத்துல பத்தொம்பது பேரு இருக்காங்க. அவங்கதான் விருந்தாளி. நான் சந்தோஷமா இருந்தா உங்களுக்குப் பொறுக்காதா? அழுதுக்கிட்டுக் கெடந்தாலும் வாட்சு, சிரிச்சாலும் வாட்சு. நான் எப்பத்தான் மனுஷியா இருக்கது?”

வாசல் காவலர் திரும்பிப் பார்த்தார். என் கணவர் பையிலிருந்து டப்பாவை எடுத்து, “புளியோதரை. ஆறுததுக்குள்ள சாப்பிடு” என்று கையில் கொடுத்தார். “நாளைக்கு டாக்டரப் பாப்போம். அவங்க ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்ல.” நான் வரமாட்டேன் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்துவிட்டார்.

சாயங்காலம் மகளை உட்காரவைத்து நாடகத்தின் மூன்றாம் காட்சியை வாசித்துக்காட்டினேன். அவளாவது சிரிப்பாள் என்று எனக்கு நம்பிக்கை. அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“புரியல, அம்மா.”

“ஒனக்குத் தமிழ் வராதுன்னா நான் என்ன செய்ய?”

“அது தெரியும். ஆனா முதல் சீன் சொன்னியே, அப்போ புரிஞ்சுதே. இப்போ நீ ஜல்தி ஜல்தி போற. நான் ஒரு வேர்டு புரிஞ்சுக்கறதுக்குள்ள நீ நாலு வேர்டு முன்னாடி போயிடற.”

“அப்படியெல்லாம் இல்ல.”

“அச்சா, போன் குடு.”

என் போனை வாங்கி, ஆப்பைத் திறந்து, இரண்டு வாரம் முந்தைய ஒரு பதிவை ஓடவிட்டாள். என் குரல். எதிர் வீட்டு நாய் எங்கள் பால்காரரைப் பார்த்தால் மட்டும் வாலாட்டுகிறது என்று சொல்கிறேன். சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். அந்த இடைவெளியில் கிளிச் சத்தம் கேட்கிறது. எனக்கே சிரிப்பு வந்து, அப்புறம் அடுத்த வாக்கியம்.

அடுத்து, முந்தின நாள் பதிவு. நாடகத்தில் ஆரம்பிக்கிறேன். அதிலிருந்து மெட்ரோ, மெட்ரோவிலிருந்து என் கணக்கு டீச்சர், அவரிடமிருந்து இலவமரம், மறுபடி நாடகம். ஒரு சொல்லின் நடுவில் மூச்சு வாங்குகிறேன். கிளிகள் அன்றும் கத்தியிருக்க வேண்டும், அவற்றுக்கு நுழைய இடமே இல்லை. வாக்கியம் பாதியில் இருக்கும்போது நிமிடம் முடிந்துவிட்டது.

அதில் ஒரு வார்த்தைகூடப் பைத்தியக்காரத்தனம் இல்லை. ஒவ்வொன்றும் சுவாரசியமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். செயலாளர் அறை வாசலில் நின்று பேசிய குரல் அது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “தப்பா சொல்லிட்டேனா?” என்றாள். இல்லை என்று தலையை ஆட்டினேன். அடுக்களையில் என் கணவர் பெருங்காய டப்பாவைத் தேடிக்கொண்டிருப்பதுபோல நின்றிருந்தார். டப்பா அவர் கையிலேயே இருந்தது.

“நாளைக்குப் போவோம்” என்றேன்.

டாக்டர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துத் திரையைக் காட்டினார். ஒன்பது நாளாகத் தூக்கம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வந்திருந்தது. படிக்கட்டு இறங்குவதுபோல. விருந்தாளி யாரும் இல்லை என்று நானே ஒப்புக்கொண்டேன். பின்னால் நின்ற நர்ஸ், “அப்போ ஞான் சும்மா சங்கடப்பட்டதா?” என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

“அப்படியென்றால் என் சந்தோஷம் பொய்யா, டாக்டர்?”

“யார் சொன்னது? நாடகம் நன்றாகவே இருக்கலாம். சந்தோஷத்தை நான் தொடப்போவதில்லை. தூக்கத்தைத் திரும்பக் கொண்டுவருவோம். ராத்திரி மாத்திரையைக் கொஞ்ச நாளைக்குக் கூட்டுகிறேன். ஒரு வாரம் நாடகத்தைத் தொடாதீர்கள். அதை இவரிடம் கொடுத்துவிடுங்கள்.” கணவரைக் காட்டினார். “சரியான நேரத்தில் வந்திருக்கிறீர்கள். இரண்டு நாள் விடுப்பு போதும்.”

மூன்று மாதம் எங்கே, இரண்டு நாள் எங்கே. ஆனாலும் அந்த வாரம் எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இலவம்பூ மறுபடி வெறும் பூவாகிவிட்டது. நாக்கு தடித்த மாதிரி இருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நல்ல சிநேகிதி ஒருத்தியை வழியனுப்பிவிட்டு வந்தவள் மாதிரி ஒருநாள் அழுதேன். எட்டாம் நாள் ஒன்பது மணிநேரம் தூங்கி எழுந்தபோது பசித்தது. ஒழுங்கான, சாதாரணப் பசி. நான்கு தோசை சாப்பிட்டேன்.

என் கணவர் அவருடைய நிறுவனத்தில் தணிக்கைப் பிரிவில் வேலை பார்ப்பவர். நாடகத்தைக் கொடுத்தால் தணிக்கைதான் செய்வார். ஒரு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தபோது பதினோரு பாத்திரங்களைப் பென்சிலால் அடித்திருந்தார்.

“இவ்வளவு பேரு மேடைக்குக் கொள்ள மாட்டாங்க. இந்தத் தண்ணித் தொட்டிக்காரன் எதுக்கு?”

“அவன் இல்லாம குவார்ட்டர்ஸே இல்லைங்க.”

அரை மணிநேரம் வாதாடினோம். தண்ணீர்த் தொட்டிக்காரனை மீட்டேன். மற்றவர்கள் விஷயத்தில் அவர் சொன்னது சரி. இரண்டரை மணிநேர நாடகம் முக்கால் மணிநேரமானது.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாடகம் நடந்தது. குமாஸ்தா வேடக்காரருக்குக் கடைசி நிமிடத்தில் காய்ச்சல் வந்துவிட்டதால் என் கணவர் மேடை ஏறினார். ஒரே வசனம்தான்: “ஃபைல் மேல போயிருக்கு.” யார் வந்து என்ன கேட்டாலும் அதையே சொல்ல வேண்டும். அவர் நடிக்கவே இல்லை, அலுவலகத்தில் சொல்வதைப் போலவே சொன்னார். அரங்கில் பாதிப்பேர் அரசு ஊழியர்கள். ஐந்தாம் முறை அவர் வாயைத் திறப்பதற்குள் அவர்களே சேர்ந்து சொல்லிவிட்டார்கள். மகள் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுத்தாள், ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு. ‘வாழைப்பழம்’ அவள் வாயில் என்னவெல்லாமோ ஆனது. நடித்தவர்களும் அப்படியே திருப்பிச் சொன்னார்கள். நான் ஓரத்தில் நின்று, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். யாராவது பார்க்கிறார்களா என்று பார்க்கத் தோன்றவில்லை.

விழாச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வெயிலில் மூவரும் வீட்டுக்கு நடந்தோம். வழியில் சந்தித்த ஒருவர் என் கணவரைப் பார்த்து, “சார், ஃபைல் வந்துருச்சா?” என்றார். இவர் காதுவரை சிவந்துபோனார். வீட்டுக்கு வந்ததும் பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல் கட்டிலில் சாய்ந்தேன். விழித்தபோது வெளியே கிரிக்கெட் பையன்களின் சத்தம், மணி ஐந்தரை. தலைமாட்டில் மூடிவைத்த டீ. எடுத்துக் குடித்தேன், சர்க்கரை போட மறந்திருந்தார். எழுந்துபோய்ப் போட்டுக்கொள்ளச் சோம்பலாக இருந்ததால் அப்படியே குடித்து முடித்தேன்.